"மாத்திரை போட்டா கை நடுங்குது, வெயிட் ஏறுது" - மனச்சிதைவு மருந்துகளின் பக்கவிளைவுகளை எப்படிக் கையாள்வது?

"குரல் கேட்குறது நின்னுடுச்சு டாக்டர். ஆனா பத்து மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டேங்கிறான். எட்டு மாசத்துல பன்னெண்டு கிலோ ஏறிட்டான். ஒரு வேலைக்கும் போக மாட்டேங்கிறான்."

மனநல வெளிநோயாளிகள் பிரிவுகளில் இதுபோன்ற பேச்சு புதிதல்ல. அம்மா பேசுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகன் கால்களை மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார். "மாத்திரை ஒழுங்கா போடுறாரா?" என்று மருத்துவர் கேட்பார். "போடுறான்" என்று அம்மாவே பதில் சொல்லிவிடுவார். மகன் வாய் திறக்க மாட்டார். சில வாரங்களாக அவர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்பிவிடுகிறார் என்பது அந்த அறையில் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

சில மாதங்களில் குரல்கள் திரும்ப வரும். தூக்கம் போகும். பக்கத்து வீட்டுக்காரர் மீது சந்தேகம் வரும். "நல்லாத்தானே இருந்தான்" என்று குடும்பம் கலங்கி நிற்கும்.

மனச்சிதைவு என்று தமிழில் சொல்லப்படும் ஸ்கிசோஃப்ரினியா, உலக அளவில் சுமார் 300 பேரில் ஒருவரைப் பாதிக்கும் நோய். அதற்கு மருந்து இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால், மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வைப்பதுதான் சிகிச்சையின் கடினமான பகுதி. அமெரிக்காவில் 1,493 நோயாளிகளிடம் நடந்த 'கேட்டி' என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2005-ல் வெளியாயின. முதலில் கொடுக்கப்பட்ட மருந்தை 18 மாதங்களுக்குள் கைவிட்டவர்கள் 74 சதவீதம் பேர். பலன் போதவில்லை, பக்கவிளைவு தாங்க முடியவில்லை, இனி வேண்டாம் என்று நோயாளியே முடிவெடுத்தார் என்று காரணங்கள் பலவாக இருந்தன.

இந்தப் பக்கவிளைவுகள் என்னென்ன, ஏன் வருகின்றன, எதைச் சரிசெய்ய முடியும், எதற்கு உடனே ஓட வேண்டும் என்பது தெரிந்தால், நிறுத்துவதற்கும் பொறுத்துக்கொள்வதற்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருப்பது புரியும்.

மருந்து மூளையில் என்ன செய்கிறது?

இந்த மருந்துகளின் கதை 1950-களில் தொடங்குகிறது. பிரான்ஸில் உருவாக்கப்பட்ட குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை 1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஜீன் டிலே, பியர் டெனிக்கர் ஆகிய மருத்துவர்கள் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பலன் தெரிந்தது. அதற்கும் முன்பே, 1931-ல், சர்ப்பகந்தி வேரை மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் பயன்படுத்தலாம் என்று சென், போஸ் என்ற இந்திய மருத்துவர்கள் எழுதியிருந்தனர். அந்த வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் மருந்தும் 1950-களில் மனநோய்க்குக் கொடுக்கப்பட்டது.

இரண்டு மருந்துகளையும் சாப்பிட்டவர்களில் பலருக்கு ஒரே மாதிரியான தொல்லை வந்தது. கை நடுங்கியது, உடல் இறுகியது, முகம் உணர்ச்சியற்றுப் போனது. பார்க்கின்சன் நோய் வந்தவர் போல ஆனார்கள். பலனும் பக்கவிளைவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது பிறகுதான் தெளிவானது. அந்த இடம் டோபமைன்.

டோபமைன் மூளையில் ஒரே ஒரு வேலையைச் செய்யும் ரசாயனம் அல்ல. ஒரு பாதையில் அது அதிகமாகச் செயல்படும்போது இல்லாத குரல் கேட்கிறது, காரணமில்லாத சந்தேகம் வருகிறது. இன்னொரு பாதையில் கை, கால் அசைவைச் சீராக வைக்கிறது. மூன்றாவது பாதையில் ஆர்வம், ஊக்கம், சிந்தனைக்குத் துணை நிற்கிறது. நான்காவது பாதையில் புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோனை அடக்கி வைக்கிறது.

மருந்துக்கு இந்த நான்கு பாதைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முதல் பாதையைக் குறைக்கப் போய் மற்ற மூன்றையும் சேர்த்துக் குறைக்கிறது. மூளையின் டோபமைன் ஏற்பிகளில் ஏறக்குறைய 65 சதவீதத்தை மருந்து அடைத்தால் பலன் தெரியத் தொடங்கும் என்றும், 80 சதவீதத்தை நெருங்கினால் இறுக்கமும் நடுக்கமும் கூடும் என்றும் ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. பலனுக்கும் தொல்லைக்கும் நடுவில் உள்ள இடைவெளி அவ்வளவு குறுகலானது. அளவை மிகச் சிறிதாகக் கூட்டிக் குறைப்பதற்கு மருத்துவர் இவ்வளவு யோசிப்பது அதனால்தான்.

கழுத்து இழுத்துக்கொண்டால் அது பேயும் இல்லை, வலிப்பும் இல்லை

அசைவு தொடர்பான பக்கவிளைவுகள் நான்கு வகை. ஒவ்வொன்றும் வரும் காலம் வேறு.

முதல் வகை, மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வரும். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். கண் மேலே சொருகிக்கொள்ளும். நாக்கு தடித்தது போலாகிப் பேச்சு குழறும். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில், குறிப்பாக ஊசியாகப் போடும்போது, இளம் ஆண்களுக்கு இது அதிகம். பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் சிலர் ஃபிட்ஸ் என்று நினைப்பார்கள், சிலர் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். மருத்துவமனையில் அதற்குரிய ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும்.

இரண்டாவது வகைக்கு மருத்துவத்தில் அகத்தீசியா என்று பெயர். தமிழில் இருப்புக்கொள்ளாமை என்று சொல்லலாம். முதல் சில நாட்களில், வாரங்களில் வரும். உட்கார முடியாது, படுக்க முடியாது. நின்றால் கால் மாற்றி நிற்க வேண்டும், வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டே இருக்க வேண்டும். "உள்ளுக்குள்ள ஏதோ பிடுங்குது" என்பார்கள். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நோய் முற்றிவிட்டது, பதற்றம் கூடிவிட்டது என்று தவறாகப் புரிந்துகொண்டு மருந்தின் அளவைக் கூட்டினால் தொல்லை இன்னும் அதிகமாகும். தாங்க முடியாமல் தற்கொலை எண்ணம் வரைக்கும் சிலரைக் கொண்டுபோகும். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, புரோப்ரனலால் போன்ற மாத்திரையைச் சேர்ப்பது என்று இதற்குத் தீர்வுகள் உண்டு. ஆனால், கால் சும்மா இருக்க மாட்டேங்குது என்று நோயாளியோ வீட்டாரோ சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

மூன்றாவது வகை, வாரக்கணக்கில் மெதுவாக வரும் இறுக்கமும் நடுக்கமும். நடை சிறுத்துப்போகும், நடக்கும்போது கை வீசாது, டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும், எழுத்து சிறியதாகிவிடும். இதற்காகத்தான் பல மருந்துச் சீட்டுகளில் ட்ரைஹெக்ஸிபெனிடில் என்ற சிறிய மாத்திரை சேர்க்கப்படுகிறது. "நடுக்க மாத்திரை" என்று வீடுகளில் சொல்வது இதைத்தான். ஆனால் இதற்கும் தனிப் பக்கவிளைவுகள் உண்டு. வாய் வறளும், மலச்சிக்கல் வரும், வயதானவர்களுக்கு நினைவு குழம்பும். ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்காமல் தொடர வேண்டிய மாத்திரை அல்ல. இன்னும் தேவையா என்று அவ்வப்போது மருத்துவரிடம் கேட்கலாம்.

வாய் தானாக மெல்லுகிறதா?

நான்காவது வகைதான் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது. டார்டைவ் டிஸ்கைனீசியா என்று பெயர். மாதங்கள், ஆண்டுகள் கழித்து வரும். எதையோ மென்றுகொண்டிருப்பது போல வாய் அசையும், நாக்கு வெளியே வந்துபோகும், உதடு குவியும், விரல்கள் பியானோ வாசிப்பது போல ஆடும். பெரும்பாலும் அது அவருக்கே தெரியாது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சிரிக்கும்போதுதான் தெரியவரும். பழைய மருந்துகளை எடுத்துக்கொள்ளும் பெரியவர்களில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது புதிதாக வருவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. முதியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். புதிய மருந்துகளில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

எல்லா அசைவுக் கோளாறுக்கும் மருந்துதான் காரணமா? இந்தக் கேள்விக்கு முக்கியமான ஒரு பதில் சென்னையிலிருந்து கிடைத்தது. ஆர்.தாரா உள்ளிட்ட சென்னை மருத்துவர்களும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ராபின் மெக்ரீடியும் சேர்ந்து, 308 மூத்தவர்களைப் பரிசோதித்த ஆய்வு 1996-ல் வெளியானது. மனச்சிதைவு இருந்தும் வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத 21 பேர் அதில் இருந்தனர். மேலை நாடுகளில் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது அப்போதே அரிது.

முடிவு பலரை யோசிக்க வைத்தது. நோய் இல்லாதவர்களில் 15 சதவீதம் பேருக்கு இத்தகைய தானியங்கி அசைவுகள் இருந்தன. மருந்து சாப்பிட்ட நோயாளிகளில் 41 சதவீதம். மருந்தே சாப்பிடாத நோயாளிகளில் 38 சதவீதம். எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும், அசைவுக் கோளாறில் ஒரு பங்கு நோயிலிருந்தே வரலாம் என்பதை அது காட்டியது. மருந்து அதைத் தூண்டலாம், கூட்டலாம். மருந்தை நிறுத்திவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற கணக்கு எப்போதும் சரியாக வராது.

இந்த வகை அசைவுகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கட்டுப்படுத்தும் வாய்ப்பு அதிகம். நோயாளியை உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கையும் விரல்களையும் பார்க்கும் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். டெட்ராபெனசின் போன்ற மருந்துகள் இதற்குப் பயன்படுகின்றன. இதே வகையைச் சேர்ந்த இரண்டு புதிய மருந்துகளுக்கு அமெரிக்கா 2017-ல் அனுமதி கொடுத்தது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: வழக்கமான "நடுக்க மாத்திரை" இந்த அசைவுகளைக் குறைக்காது, சிலருக்குக் கூட்டவும் செய்யும்.

"சோறு பத்தல, சோறு பத்தல"

1990-களில் பரவலான புதிய மருந்துகள் நடுக்கத்தைக் குறைத்தன. பதிலுக்கு இன்னொரு பிரச்சினையைக் கொண்டுவந்தன. அது எடை.

ஓலன்சபின், குளோசபின் இரண்டும் எடையை அதிகம் கூட்டக்கூடியவை. ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் நடுத்தரம். அரிப்பிப்ரசோல், லுராசிடோன் போன்றவை குறைவு. 'கேட்டி' ஆய்வில் ஓலன்சபின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு உடல் எடை 7 சதவீதத்துக்கும் மேல் கூடியது. 60 கிலோ இருப்பவருக்கு அது நான்கு கிலோவுக்கு மேல். மற்ற மருந்துகளில் 7 முதல் 16 சதவீதம் பேருக்குத்தான் அவ்வளவு கூடியது.

இது வாய்க்கட்டுப்பாடு இல்லாததால் வருவது என்று வீட்டார் நினைப்பது இயல்பு. "மூணு வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டுட்டு மறுபடியும் கேட்குறான்" என்று திட்டுவதும் உண்டு. உண்மையில், இந்த மருந்துகள் பசியை அடக்கும் மூளைச் சமிக்ஞைகளையே தடுக்கின்றன. வயிறு நிறைந்தது என்ற செய்தி போய்ச் சேருவதில்லை. அவருக்கு எடுப்பது நிஜமான பசி.

எடைக்குப் பின்னால் சர்க்கரையும் கொழுப்பும் வருகின்றன. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 10 முதல் 20 ஆண்டுகள் குறைவாக வாழ்கிறார்கள். தற்கொலை ஒரு காரணம் என்றாலும், இதய நோய் உள்ளிட்ட உடல் நோய்களின் பங்கு பெரியது. புகைப்பழக்கம், வறுமை, உடல் நோய்க்குச் சரியான சிகிச்சை கிடைக்காதது ஆகியவையும் இதில் சேரும்.

அதனால், இந்த மருந்தைத் தொடங்கும்போதே சில அளவீடுகள் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் 2004-ல் பரிந்துரைத்தன. எடையை முதல் நாளிலும் 4, 8, 12 வாரங்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகியவற்றைத் தொடக்கத்திலும் 12-வது வாரத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். கொழுப்பைத் தொடக்கத்திலும் 12-வது வாரத்திலும் பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை.

இதற்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. எடை பார்க்கும் கருவி ஒன்றும் ஒரு நோட்டும் போதும். முதல் மாதத்திலேயே எடை வேகமாக ஏறினால் அது முன்னறிவிப்பு. அப்போதே சொன்னால் மருந்தை மாற்றலாம், அல்லது மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று மருத்துவர் முடிவெடுக்கலாம். இருபது கிலோ ஏறிய பிறகு இறக்குவது மிகவும் கடினம்.

வெளியே சொல்லத் தயங்கும் தொல்லைகள்

ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் போன்றவை புரோலாக்டின் அளவைக் கூட்டும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், சில நேரம் நின்றே போகும். குழந்தை இல்லாமலே மார்பில் பால் கசியும். கல்யாணமான பெண் என்றால் கர்ப்பம் என்று வீடே நினைக்கும். கல்யாணம் ஆகாத பெண் என்றால் யாரிடமும் சொல்லாமல் பயந்து கிடப்பார். ஆண்களுக்கு மார்பு பெருக்கலாம், தாம்பத்திய ஆர்வம் குறையலாம், விந்து வெளியேறுவதில் சிக்கல் வரலாம். இது நீண்ட நாள் நீடித்தால் எலும்பும் பலவீனமாகும்.

அம்மா, அப்பா, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் மருத்துவரிடம் யார் சொல்வார்கள்? பலர் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். "டாக்டர், ஒரு அஞ்சு நிமிஷம் தனியா பேசணும்" என்று கேட்பதில் தவறில்லை. வீட்டாரும் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்காரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் அளவு தெரிந்துவிடும். அரிப்பிப்ரசோலுக்கு மாற்றுவது அல்லது அதைச் சேர்ப்பது பலருக்கு இந்த அளவைக் குறைக்கிறது. அப்படி மாற்றும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பும் என்பதை மணமான பெண்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சோம்பலா, மருந்தா, நோயா?

"மாத்திர போட்டா பொணம் மாதிரி கெடக்கான்" என்ற புகாருக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மருந்து தரும் தூக்கம். இரண்டு, நோயின் இன்னொரு முகம். மனச்சிதைவு என்றாலே குரலும் சந்தேகமும்தான் என்றில்லை. பேச்சு குறைவது, ஆர்வம் போவது, குளிக்கக்கூடத் தோன்றாதது ஆகியவையும் அதன் அறிகுறிகளே. மூன்று, மனச்சோர்வு.

எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, எப்போது தொடங்கியது என்று பார்ப்பது. மருந்து தொடங்கியதும் அல்லது அளவு கூட்டியதும் வந்த தூக்கம் என்றால் மருந்தின் மீது சந்தேகம் கொள்ளலாம். இரவில் கொடுப்பது, அளவைப் பிரிப்பது, வேறு மருந்துக்கு மாறுவது உதவும். நோய் வருவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே பையன் அறைக்குள் ஒடுங்கிப் போயிருந்தார் என்றால், மருந்தை மட்டும் குறை சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் "சோம்பேறி" என்ற சொல் எந்த வகையிலும் உதவாது.

தமிழ்நாட்டு வெயிலுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. இந்த மருந்துகளில் சிலவும் நடுக்க மாத்திரையும் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். குளோர்ப்ரோமசின் எடுப்பவர்களுக்கு வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும். சித்திரை, வைகாசியில் வயல் வேலை, கட்டட வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும், உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழவும் வாய்ப்புண்டு. கொஞ்சம் உட்கார்ந்து எழ வேண்டும்.

குளோசபின்: கடைசி ஆயுதம், கூடுதல் கவனம்

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் நோய் கட்டுக்குள் வராதவர்களுக்கு குளோசபின் கொடுக்கப்படுகிறது. 1975-ல் ஃபின்லாந்தில் இதை எடுத்தவர்களில் சிலர் ரத்த வெள்ளணுக்கள் வீழ்ந்து இறந்ததால் பல நாடுகளில் மருந்து ஓரங்கட்டப்பட்டது. 1988-ல் வெளியான ஆய்வு ஒன்று அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வேறு எதற்கும் மசியாத நோயாளிகளில் குளோர்ப்ரோமசின் 4 சதவீதம் பேருக்கும், குளோசபின் 30 சதவீதம் பேருக்கும் ஆறு வாரங்களில் பலன் தந்தது.

வெள்ளணுக்கள் வீழும் ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் அது பெரும்பாலும் முதல் 18 வாரங்களில் வருவதால், அந்தக் காலத்தில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை என்ற நடைமுறை வந்தது. காய்ச்சல், தொண்டை வலி வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு ஆபத்து மலச்சிக்கல். குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்கும். சாதாரணத் தொல்லை என்று விட்டால் குடல் அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். இரவில் தலையணை நனையும் அளவுக்கு எச்சில் வடிவதும் இந்த மருந்தில் சகஜம். அதற்கும் சிகிச்சை உண்டு.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகையிலைப் புகை, குளோசபினையும் ஓலன்சபினையும் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. புகைப்பதைத் திடீரென நிறுத்தினால் அதே மாத்திரையிலேயே ரத்தத்தில் மருந்தின் அளவு கணிசமாக ஏறும். புகையை விடுவது நல்லதுதான். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

- கடும் காய்ச்சலோடு உடல் மரக்கட்டை போல இறுகி, வியர்த்து, பேச்சு குழம்பினால். இது அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது.
- தொண்டை, நாக்கு இறுகி மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்பட்டால்.
- குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் இருந்தால்.
- பல நாள் மலம் போகாமல் வயிறு உப்பி, வாந்தி எடுத்தால்.
- மயங்கி விழுந்தால், அல்லது "செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்று சொன்னால்.

மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப்போக வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

இவ்வளவு தொல்லை இருந்தால் விட்டுவிடலாமே என்று தோன்றுவது இயற்கை. 2012-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 65 ஆய்வுகளில் இருந்த ஏறக்குறைய 6,500 பேரின் விவரங்களைப் பார்த்தது. ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம். வெறும் மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம். ஃபின்லாந்தில் 66,881 நோயாளிகளின் 11 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்த இன்னொரு ஆய்வில், நீண்ட காலம் மருந்து எடுத்தவர்களைவிட மருந்தே எடுக்காதவர்களிடம் இறப்பு விகிதம் அதிகமாக இருந்தது.

அதே நேரம், வாழ்நாள் முழுவதும் ஒரே அளவு வேண்டுமா என்பது மருத்துவ உலகில் இன்னும் விவாதத்தில் இருக்கும் கேள்வி. நெதர்லாந்தில் முதல்முறை நோய் வந்தவர்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஆரம்பத்தில் கண்காணிப்புடன் அளவு குறைக்கப்பட்டவர்களில் 40 சதவீதம் பேர் முழுமையாக மீண்டிருந்தனர், வழக்கமான அளவில் இருந்தவர்களில் 18 சதவீதம் பேர்தான். ஆனால் இங்கிலாந்தில் 253 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், அளவைப் படிப்படியாகக் குறைத்தவர்களின் அன்றாட வாழ்க்கை இரண்டு ஆண்டுகளில் மேம்படவில்லை. கடுமையாக நோய் திரும்பியவர்கள் அவர்களில் 25 சதவீதம், மற்றவர்களில் 13 சதவீதம்.

இரண்டு ஆய்வுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அளவைக் குறைத்தது மருத்துவர்கள், மெதுவாக, கண்காணிப்போடு. வீட்டில் தானாகத் திடீரென நிறுத்துவது முற்றிலும் வேறு விஷயம். நோய் உடனே திரும்பாமல் சில மாதங்கள் கழித்துத் திரும்புவதால், "மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்" என்ற தவறான நம்பிக்கையும் வந்துவிடுகிறது.

சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?

மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிப்பவருக்குச் சாப்பாட்டில் பொடித்துக் கலந்து கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் பெரிய சிக்கல் இருக்கிறது. உடல் ஏன் இறுகுகிறது, ஏன் இவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் பக்கவிளைவைச் சொல்லவும் முடியாது. உண்மை தெரியவரும் நாளில், "சாப்பாட்டுல ஏதோ கலக்குறாங்க" என்ற அவரது சந்தேகம் நிஜமாகிவிடும். அதன் பிறகு மருந்தையும் நம்ப மாட்டார், வீட்டையும் நம்ப மாட்டார்.

தினசரி மாத்திரை சுமையாக இருந்தால், இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு, போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அதே மருந்தை முதலில் மாத்திரையாகக் கொடுத்து உடல் ஏற்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதி எடுத்துப்போவது நல்லது. எந்தத் தொல்லை, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த மாத்திரைக்குப் பிறகு, அன்றாட வேலையை எவ்வளவு பாதிக்கிறது, எத்தனை வேளை மாத்திரை தவறியது. கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் முக்கியம். துப்பிவிட்ட மாத்திரையைப் போட்டதாகச் சொன்னால், மருந்து போதவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டுவார்.

கேட்பதற்குச் சட்டமும் துணை இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 22-வது பிரிவு, உத்தேசிக்கப்படும் சிகிச்சையையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகளையும், நோயாளிக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் தெரிந்துகொள்ளும் உரிமையைக் கொடுக்கிறது. "இந்த மாத்திரையால என்ன வரும் டாக்டர்? வந்தா என்ன பண்ணணும்?" என்று கேட்பது மருத்துவரை எதிர்த்துப் பேசுவது ஆகாது.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணைத் தமிழிலேயே அழைக்கலாம். மருந்தின் பக்கவிளைவுகளை நோயாளிகளே மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திடம் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம்.

மருத்துவர் முன்னால் தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்த மகனிடம், அடுத்த முறை அம்மா பதில் சொல்வதற்கு முன்பு, "மாத்திரை உனக்கு என்ன பண்ணுதுப்பா?" என்று யாராவது கேட்டால் போதும். அவர் சொல்லும் பதிலில் இருந்துதான் சிகிச்சையின் அடுத்த கட்டம் தொடங்கும்.